சம்பளத்துக்கு மூன்றாம் நாள்: பயணத்துக்குப் பணம் சேர்த்த 14 மாதங்கள்

அம்மாவுக்குப் பனி பார்க்க வேண்டும். படத்தில் பார்த்தது போதாதாம், கையில் அள்ளிப் பார்க்க வேண்டுமாம். "போகலாம்மா, அடுத்த வருஷம்" என்று நான் சொல்லிச் சொல்லியே 4 வருடம் போய்விட்டது. சம்பளம் வராமல் இல்லை. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்று இருந்தேன், மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அதனால்தான் தானாகப் பணத்தை எடுத்து ஒதுக்கி வைக்கும் சேமிப்புச் செயலிகள் பக்கம் போனேன். செலவையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் எனக்குத் தேவைப்பட்டது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அதைச் சேர்த்து முடிக்க 14 மாதம் ஆனது, நடுவில் ஒரு மாதம் சறுக்கியது. என்ன நடந்தது என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

முதலில் எடுத்தது சில்லறையைச் சேர்க்கும் வகை. நீங்கள் 43-க்கு ஏதாவது வாங்கினால் செயலி அதை 50 ஆக்கி, மீதி 7-ஐ உண்டியலில் போடும். 2005-லேயே பேங்க் ஆஃப் அமெரிக்கா இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது, பிறகு ஏகோர்ன்ஸ் போன்ற செயலிகள் வந்து இதைப் பரவலாக்கின. வலியே தெரியாது, அதுதான் இதன் அழகு. ஆனால் 3 மாதம் கழித்து உண்டியலைத் திறந்து பார்த்தால் மொத்த இலக்கில் 2 சதவீதம்தான் சேர்ந்திருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடுத்த பத்துக்கு உயர்த்தினால் ஒரு முறைக்குச் சராசரியாக 4 அல்லது 5 விழும், அதுவும் எல்லா விலையும் சமமாகப் பரவியிருந்தால். விலைகளோ 99, 49 என்று முடிகின்றன, 99-க்கு வாங்கினால் உண்டியலில் விழுவது 1. மாதத்துக்கு 40 முறை வாங்கினாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சிறுதுளி பெருவெள்ளம்தான், ஆனால் என் துளிகளை மட்டும் நம்பியிருந்தால் அம்மா இன்னும் 12 வருடம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அந்தச் செயலிக்கு மாதச் சந்தா உண்டு. தொகை சின்னதுதான், ஆனால் சேர்வதும் சின்னதாக இருக்கும்போது அதுவே பெரிய பங்கு. மாதம் 100 சேர்த்து 3 சந்தா கட்டினால் 3 சதவீதம் போய்விடுகிறது, வருட வட்டியாக வருவதே அவ்வளவு இருக்குமா என்று பாருங்கள். சந்தா இல்லாத வேறொன்றுக்கு மாறினேன், சில்லறை விதியை அங்கும் போட்டேன்.

நான்காம் மாதம் செய்த மாற்றம்தான் உண்மையில் வேலை செய்தது. சம்பளம் வந்த மறுநாள், வேறு எந்தச் செலவும் கணக்கைத் தொடுவதற்கு முன், 8 சதவீதம் தானாக உண்டியலுக்குப் போக வேண்டும் என்று விதி போட்டேன். முதல் மாதம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. கணக்கில் இல்லாத பணத்தை மனசு எண்ணுவதே இல்லை.

அப்புறம்தான் அந்தச் சறுக்கல். ஒரு மாதம் தொடர் விடுமுறையால் சம்பளம் 2 நாள் தள்ளி வந்தது. செயலிக்கு அது தெரியாது, குறித்த தேதியில் வந்து, இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை வாடகைக்கான ஆட்டோ டெபிட், இருப்பு போதாமல் திரும்பியது. வங்கி ஒரு அபராதம் போட்டது, வீட்டு உரிமையாளர் தாமதக் கட்டணம் கேட்டார். அந்த மாதம் சேர்த்ததை அப்படியே வெளியே எடுத்து அடைத்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றியது.

நிறுத்தாமல் மூன்று மாற்றம் செய்தேன். தேதியைச் சம்பள நாளிலிருந்து 3 நாள் தள்ளினேன். கணக்கில் இத்தனைக்குக் கீழே இருந்தால் எதையும் எடுக்காதே என்று ஒரு கீழ்வரம்பு வைத்தேன் (பல செயலிகளில் இந்த வசதி அமைப்புகளுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும், தேடி எடுங்கள்). காப்பீடு மாதிரி வருடத்துக்கு ஒருமுறை வரும் கட்டணங்களை நாட்காட்டியில் எழுதி, அந்த மாதங்களில் மட்டும் 5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு, அந்தக் குறைவை அடுத்த மாதம் ஈடுகட்டினேன். 'உங்கள் செலவுப் பழக்கத்தைப் பார்த்து நாங்களே தொகையை முடிவு செய்கிறோம்' என்று சொல்லும் செயலிகளிடம் நான் போகவில்லை. டிஜிட் என்ற அமெரிக்கச் செயலி அப்படித்தான் வேலை செய்தது. அது கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்துப் பலருக்கு வங்கி அபராதம் வரவைத்தது என்று, 2022 ஆகஸ்டில் அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 27 லட்சம் டாலர் அபராதம் போட்டது. எவ்வளவு, எப்போது என்பதை நீங்களே சொல்லுங்கள், எடுத்து வைக்கும் வேலையை மட்டும் செயலி செய்யட்டும்.

பத்தாம் மாதம் சம்பளம் கூடியது. கூடிய சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே 8-ஐ 10 ஆக்கிவிட்டேன். ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2004-ல் எழுதிய ஆய்வில் இதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். ஊதிய உயர்வு வரும்போதெல்லாம் சேமிப்பும் தானாக உயரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொழிலாளர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதத்தில் 3.5-லிருந்து 13.6 சதவீதமானது. எனக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தயவுசெய்து பாருங்கள். சில செயலிகள் சேர்த்ததைப் பங்குச் சந்தை நிதிகளில் போடும். பத்து வருடத் திட்டத்துக்கு அது சரி, அடுத்த வருடம் டிக்கெட் எடுக்க வேண்டிய பணத்துக்குச் சரியில்லை, நீங்கள் எடுக்கும் வாரத்தில் சந்தை இறங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்? இன்னொன்று, வைப்புக் காப்பீடு என்பது வங்கி விழுந்தால் காப்பது. செயலிக்கும் வங்கிக்கும் நடுவில் இருக்கும் நிறுவனம் விழுந்தால் கதை வேறு. 2024 ஏப்ரலில் சினாப்ஸ் என்ற இடைநிலை நிறுவனம் திவாலானபோது அதை நம்பியிருந்த செயலிகளில் சேமித்தவர்கள் மாதக்கணக்கில் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். இதைப் படித்த பிறகு பெரிய தொகையை என் வங்கியிலேயே தனி உண்டியலாக மாற்றினேன், செயலியில் சில்லறை மட்டும் இருந்தது.

ஒரு சின்னத் தொகையை முன்கூட்டியே வெளியே எடுத்துப் பார்ப்பதும் முக்கியம். எனக்கு வந்து சேர 3 வேலை நாள் ஆனது. அது தெரிந்ததால்தான் டிக்கெட் எடுக்கும் வாரத்துக்கு முந்தைய வாரமே பணத்தைக் கணக்குக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

உண்டியலை நான்காகப் பிரித்திருந்தேன்: டிக்கெட், தங்குமிடம், அன்றாடச் செலவு, அவசரம். டிக்கெட் உண்டியலுக்கு 'அம்மாவின் பனி' என்று பெயர் வைத்து அவர் படத்தையும் போட்டேன். நடுவில் ஒரு இரவு புது போன் வாங்கலாம் என்று அதைத் திறந்தேன், 'அம்மாவின் பனியிலிருந்து எடுக்கவா?' என்று திரையில் கேட்டது, கீழே அவர் முகம். மூடிவிட்டேன்.

பதினான்காம் மாதக் கடைசியில் இலக்கு நிறைந்தது. அதில் சில்லறை விதி கொடுத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மற்றதெல்லாம் சம்பளத்துக்கு மூன்றாம் நாள் போனதுதான்.

பனியில் அம்மா முதலில் செய்தது கையுறையைக் கழற்றியதுதான். வெறும் கையால் ஒரு பிடி அள்ளி, அது உருகி விரல் இடுக்கில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உப்பு மாதிரி இருக்கும்னு நினைச்சேன், பஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

திரும்பி வந்ததும் சில்லறைச் செயலியை மூடினேன். போனிலிருந்து அழித்தால் மட்டும் போதாது, வங்கியில் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதி அப்படியே இருக்கும். மீதியை எடுத்து, கணக்கை மூடச் சொல்லி, வங்கிப் பக்கம் போய் அனுமதியை ரத்து செய்து, அடுத்த மாதம் எதுவும் போகவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். 10 சதவீத விதியை மட்டும் நிறுத்தவில்லை. அந்த உண்டியலுக்கு என்ன பெயர் வைப்பது என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.