வீடு கைமாறும் நாட்கள்

ஜூலை 6
நொத்தாரிசு இன்றும் வரவில்லை. உறுதி எழுதாமல் முற்பணம் வாங்க அம்மா மறுக்கிறார்.

ஜூலை 7
அலுமாரியின் கீழ்த்தட்டில் கறையான். நல்லவேளையாகக் கலைக்களஞ்சியம் மேல்தட்டில் இருந்தது. பத்துத் தொகுதிகளையும் இறக்கி விறாந்தையில் பரப்பினேன். முதல் தொகுதி 1954, பத்தாவது 1968. தாத்தா வாங்கத் தொடங்கியதை அப்பா முடித்தார். எழுத்துக்கூட்டிப் படித்த வயதில், முதற்பக்கத்தில் முதன்மைப் பதிப்பாசிரியர் என்று இருந்த பெரியசாமித் தூரன் யாரோ கண்டிப்பான பள்ளிக்கூட அதிபர் என்று நினைத்திருந்தேன். பிறகு வானொலியில் அவருடைய கீர்த்தனை ஒன்று கேட்டுவிட்டு, "அதே ஆளா?" என்று அப்பாவிடம் ஓடினேன்.

நடுத்தொகுதி ஒன்றில் தாள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பிளேட்டால், நேராக, தையலோரம் நகமளவு விளிம்பு விட்டு.

ஜூலை 8
கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண்.

யார் வெட்டியிருப்பார்கள்? இந்த வீட்டில் தொகுதியைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். பாயில் சம்மணமிட்டு மடியில் வைத்துத்தான் திறக்க வேண்டும். மட்டையைப் பிடித்துத் தூக்கினால் குட்டு விழும். எச்சில் தொட்டுத் தாள் புரட்டிய சித்தப்பாவுக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அப்பா எழுந்து போனார். மின்சாரம் இல்லாத இரவுகளில் அண்ணாவும் நானும் அரிக்கன் விளக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறப்போம். அதிலிருந்து ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். பதில் தெரியாதவர் விடிந்ததும் கிணற்றில் பத்து வாளி இறைக்க வேண்டும். எரிமலை வந்தால் நான் வெல்வேன். அணு, மின்சாரம் என்று வந்தால் அண்ணா. கந்தகத்தை நான் மஞ்சள் என்று மட்டும் சொன்னதற்கு வாளி இறைத்தது இன்னும் ஆறவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் பிளேட்டா?

ஜூலை 10
அண்ணா ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தார். "அதெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடக்கிறது. லொறிக்கு ஏன் காசு?" கிடக்கட்டும். அந்தத் தாள்களில் என்ன அச்சிட்டிருந்தது என்று தேடிப் பார்க்கவும் மனமில்லை. யார் வெட்டியது என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஜூலை 13
படலையைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று உள்ளே வந்து, காய வைத்திருந்த அட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது. ஊருக்கே செல்லப் பிராணி, விரட்டவும் முடியாது.

ஜூலை 15
பழைய கலைக்களஞ்சியமான அபிதான கோசமும் அகப்பட்டது, மட்டை இல்லாமல். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் அப்பா இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910. எங்கள் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் இந்தக் கோசம் 1902. "எட்டு வருடம் முந்தி!" என்று எட்டு விரலையும் விரிப்பார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு அந்த விரல்கள் விரியவில்லை. அலுமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவருடைய பூணூலில்தான் தொங்கவில்லை, மற்றபடி எப்போதும் உடம்போடு.

ஜூலை 18
இன்னும் இரண்டு தொகுதிகளில் வெட்டு.

ஜூலை 19
அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டது. கொழும்பு வீட்டில் எந்த அறை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் மூன்றாம் மாடி என்று சொல்லவில்லை.

ஜூலை 24
ஆடி அமாவாசை. அம்மா விரதம். அப்பாவுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட்டோம். வாழைக்காய்க் கறியைப் பிசைந்துகொண்டே, நான் ஒன்றும் கேட்காதபோது, சொன்னார்:

"நான்தான் பிள்ளை வெட்டினேன். ஆமிச் சுற்றிவளைப்பு என்று கதை வந்த காலம். உன் அண்ணாவுக்குப் பதினாறு வயது. அப்பா கச்சேரி அலுவலகத்துக்குப் போயிருந்தார், அன்று பார்த்துச் சாவியை மேசையில் விட்டிருந்தார். அவருடைய சவர பிளேட்டை எடுத்தேன். வாசிக்க எங்கே நேரம்? படத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். வெடி, துவக்கு, வரைபடம், கப்பல். வீட்டிலிருந்து துறைமுகம் எவ்வளவு தூரம்? பொடியன் இருக்கிற வீட்டில் அந்தப் படங்கள் எதற்கு?"

தாள்களைக் குசினி அடுப்பில் வைத்தாராம். வழுவழுப்பான தாள் எளிதில் பற்றாது, ஊதி ஊதிக் கண் எரிந்ததாம். அதிலேயே பிட்டும் அவித்தாராம்.

"அப்பா?"

"இரவு திறந்து பார்த்தார். மூடி வைத்தார். பிட்டைச் சாப்பிட்டார். பிறகு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை."

ஜூலை 25
அம்மா மேல் கோபம் வருகிறது. இன்றைய நாளில் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது எனக்குச் சுலபம். அன்று அவர் என்னிடம் கேட்டிருந்தால் நானே பிளேட் எடுத்துக் கொடுத்திருப்பேன். இருந்தும் வருகிறது.

ஜூலை 26
லொறிக்காரர் புத்தகத்துக்குத் தனி விலை சொல்கிறார். தளபாடத்தைவிடப் பாரமாம்.

இரவு அண்ணாவிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். வெகு நேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். பிறகு, "கப்பலுமா?" என்றார்.

"கப்பலும்தான்."

"தங்கச்சி, கப்பல் படத்தை நான் அதற்கு முந்தியே வெட்டிவிட்டேன். பள்ளிக்கூட ஒப்படைக்கு. அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கவே நேராக வெட்டினேன். அம்மா வெட்டியது வேறு ஏதோ."