கம்பெனி கார்டில் தேய்ப்பவர்களே, கவுண்டரை விட்டு நகரும் முன் பில்லைப் படியுங்கள்

2024 நவம்பர் கடைசியில் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. மெஷின் சர்வீஸுக்காகக் கோவையில் மூன்று நாள் தங்கினேன். அறை நாளுக்கு 2,500, ஜிஎஸ்டி 12 சதவீதம் சேர்த்து 8,400 ரூபாய். கம்பெனி கார்டில் தேய்த்தேன், பில்லைப் படம் எடுத்துக் கம்பெனியின் செலவுக் கணக்கு ஆப்பில் ஏற்றினேன், திருப்பூர் கிளம்பிவிட்டேன்.

மறுநாளே ரிஜெக்ட். பில் என் பெயரில் இருக்கிறதாம், கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லையாம். சரியான பில் வராவிட்டால் முழுத் தொகையும் சம்பளத்தில் பிடிப்பார்களாம். கம்பெனி வேலைக்குப் போய்த் தங்கியதற்கு என் சம்பளத்திலா?

ஹோட்டலுக்குப் போன் செய்தால், "பில் க்ளோஸ் ஆயிடுச்சு சார், மாத்த முடியாது." நேரில் கேட்டால் தருவார்கள் என்று நம்பி, திருப்பூரிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பவும் கோவை போனேன். ரிசப்ஷனில் அதே பதில். அரை நாள் போனதுதான் மிச்சம்.

அன்று இரவு திருப்பூரில் அறைக்குக் கார்டைத் தேய்த்தால் லிமிட் இல்லை என்கிறது. பேங்கில் கேட்ட பிறகுதான் புரிந்தது: கோவையில் செக்-இன் செய்யும்போது உத்தரவாதமாகக் கார்டில் பிடித்து வைத்த 10,000 ரூபாயை விடுவிக்காமலே, 8,400-ஐத் தனியாக எடுத்திருக்கிறார்கள். என் லிமிட்டே 20,000தான். கைக்காசைக் கட்டினேன்.

அப்புறம் எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். நவம்பர் விற்பனைக் கணக்கை ஹோட்டல் டிசம்பர் 11-க்குள் ஜிஎஸ்டியில் தாக்கல் செய்யும். அதில் நம் எண் இருந்தால்தான் பில்லில் இருந்த 900 ரூபாய் வரியைக் கம்பெனி தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும். "ரிசப்ஷன்ல பேசாதே, அவங்க அக்கவுண்டன்ட் நம்பரை வாங்கு" என்றார். வாங்கினேன், ஜிஎஸ்டி சான்றிதழை மெயில் செய்தேன், பத்தே நிமிடத்தில் திருத்திய பில் வந்தது. அன்று தேதி 9! அப்பாடா என்றிருந்தது.

அறை புக் செய்யும்போதே கம்பெனி பெயரையும் எண்ணையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பிடித்து வைத்த தொகையிலேயே பில்லைக் கழிக்கச் சொல்லுங்கள், முடியாதென்றால் அதை விடுவித்த ஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லிப்பை உடனே படம் எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து நிற்காது. வெளிமாநிலம் என்றால் முதலில் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள், ஹோட்டல் இருக்கும் மாநிலத்தில் கம்பெனிக்குப் பதிவு இல்லையென்றால் எண் கொடுத்தாலும் அந்த வரி திரும்பாது.

திருப்பூரில் கட்டிய கைக்காசு ஜனவரி சம்பளத்தோடுதான் வந்தது.