சாஞ்சி: ஒரு புள்ளிக்காக மூன்று வாரம்

பௌத்த ஸ்தூபிகள் உள்ள சாஞ்சியின் கல்வெட்டுகளில் ஒரு வரி, பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில். நேற்று ராத்திரி அது ஒருவழியாகப் பிடிபட்டது. எங்கே எடுத்தது என்று சொல்லாமல் நண்பர் அனுப்பிய ஐந்து படங்கள், சாஞ்சி என்பது மட்டும் தெரியும். அறிஞர்கள் படித்து அச்சிட்ட பாடத்தைத் தொடுவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

ஸ்தூபியைச் சுற்றியுள்ள வேலிக்கற்களின் வரிகள் என்றால் இவ்வளவு படுத்தாது. பெயர், ஊர், 'உடைய' என்று பொருள்படும் '-ஸ', கடைசியில் தானம் என்ற சொல். 1837இல் பிராமியைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்புக்கே வழி திறந்துவிட்டது அந்த முடிவுதான். இந்த வரியில் தானமே இல்லை, அதனால் ஊகிக்க ஒன்றும் இல்லை. 'வெதிஸகேஹி' முதல் நாளே வந்துவிட்டது, பக்கத்து ஊரான விதிசாக்காரர்களால் என்று பொருள். அடுத்த சொல்லை 'ததகாரேஹி' என்று படித்துவிட்டு அங்கேயே நின்றேன். கொடுத்தவர்களா? அப்படி ஒரு சொல்லே அமையவில்லை.

எல்லாம் அனுஸ்வாரப் புள்ளியால் வந்த வினை. கல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பொரிந்து கிடக்கிறது, எது உளி வைத்த புள்ளி, எது காலம் வைத்தது? அதோடு தமிழில் புள்ளி என்றால் உயிரை நீக்குவது, இங்கே மூக்கொலி சேர்ப்பது. நம் கண் அதற்குப் பழகவே நாளாகிறது. கடைசியில் இப்படிச் செய்தேன்: படத்தை ஏ3 அளவில் அச்சடித்து, மேலே ட்ரேசிங் தாள் வைத்து, முதலில் எழுத்துகளை மட்டும் பென்சிலில் வரைந்தேன், ஒரு புள்ளிகூட இல்லாமல். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித் தாள், அதில் தெரியும் குழிகள் மட்டும் சிவப்பு மையில். உச்சிவெயில் படம் எதற்கும் உதவவில்லை. சாய்வெயிலில் எடுத்த இரண்டிலும் ஒரே இடத்தில், எழுத்தின் வலப்பக்கம், விளிம்பு கூர்மையாக நின்றவை நான்கே நான்கு. முதல் புள்ளி 'த'வுக்குப் பக்கத்தில்.

தம்தகாரேஹி! தந்தம்! தந்த வேலைக்காரர்கள். மீதி தானாக ஓடி வந்தது: 'ரூபகம்மம் கதம்', சிற்ப வேலை செய்யப்பட்டது. யானைத் தந்தத்தில் செதுக்கிப் பழகிய கைகள் இந்தத் தூணில் வேலை செய்திருக்கின்றன. நண்பரைக் கேட்டேன், முதல் ஸ்தூபி, தெற்கு வாயில், மேற்குத் தூண் என்றார். படத்தைத் திரும்பப் பெரிதாக்கி அந்தச் சின்னச் சின்ன உருவங்களைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ட்ரேசிங் தாளைப் பற்றி ஒன்று: மலிவான மெல்லிய தாளில் சிவப்பு மை பரவி இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிட்டன, ஒரு வாரம் போச்சு. கனமானதையே வாங்குங்கள்.

அடுத்து ஆந்திரத்து அமராவதி ஸ்தூபியின் கல்வெட்டுகள். எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே கற்கள் இருக்கின்றன, எழுத்தும் வால் நீண்டு வேறு மாதிரி. தமிள கண்ஹன் என்று ஒருவர் தம்பி, தங்கையோடு கொடுத்த தானமும் அந்த ஊர்க் கல்வெட்டுகளில் உண்டு, அதைத்தான் படிக்க ஆசை. ஆனால் இதே தெற்கு வாயிலின் மேல் உத்தரத்தில் சாதவாகன அரசன் சிரி சாதகணியின் கைவினைஞர் தலைவன் ஆனந்தனுடைய வரி பாதியில் நிற்கிறது. 'ஆவேஸனிஸ', அதாவது கைவினைஞர் தலைவனுடைய, வரைக்கும் வந்திருக்கிறேன்.