கார்த்திகை, மழை, தா தீ தொம் நம்

18 நவம்பர் 2024, திங்கள்

மிருதங்கத்தின் முதல் பாடம். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில். முதல் காலம் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுழற்சி), இரண்டாம் காலம் இரட்டை வேகத்தில் ஒன்று, மூன்றாம் காலம் அதற்கும் இரட்டை வேகத்தில் ஒன்று. இது ஒரு சுற்று. ஆதி தாளம், ஆவர்த்தனத்துக்கு எட்டுத் தட்டு என்பதால் சுற்றுக்கு 24 விநாடி. அதற்குள் 'தா தீ தொம் நம்' இரண்டு, நான்கு, எட்டு என்று 14 முறை வந்துவிடுகிறது. 108 சுற்று என்றால் கடைசிச் சொல்லான நம் மட்டும் 1,512. நேரம் 43 நிமிடம் 12 விநாடி.

இது காகிதக் கணக்கு. உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிடுகிறது. நடுவில் தண்ணீர், அம்மா, கூரியர்காரர்.

"எண்ணிக்கிட்டே வா. நான் கேப்பேன்." மிருதங்கம் சொல்லித்தரும் சார் சொன்னது இவ்வளவுதான். எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

19 நவம்பர்

சார் ஐசியுவில். மாமி, அவர் மனைவி, போனில்: "அப்படியேதான் இருக்கார்டிம்மா."

21 நவம்பர், வியாழன்

எண்ணுவது எப்படி என்பதே தனி வித்தை. இரண்டு கையும் மிருதங்கத்தில். வலது கால் அதன் அடியில். வாய் 'தா தீ தொம் நம்' என்று சொல்லுக்கட்டு சொல்ல வேண்டும், சொல்லாமல் வாசித்தால் அது வேறு வாசிப்பு. மிச்சம் இருப்பது தலை ஒன்றுதான். அதுவோ ஐசியு வாசலில் நிற்கிறது.

முதலில் 'தா' வரும் இடத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணு தீ தொம் நம், ரெண்டு தீ தொம் நம். எட்டு வரைக்கும் அழகாக உட்காருகிறது. ஒன்பதில் லேசாக இடிக்கும். இருபத்தேழு என்று மூன்றாம் காலத்தில் சொல்லிப் பாருங்கள், 'தீ' வருவதற்குள் மூச்சு முட்டும்.

வடக்கு மாட வீதியில் வாங்கிய ஜபக் கவுண்டர், விரலில் மோதிரம் மாதிரி மாட்டுவது. கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கட்டைவிரலுக்கு வேறு வேலை இல்லையே என்று நினைத்தேன். ஆனால் அது அசைந்தால் ஆள்காட்டி விரல் விறைத்துக்கொள்கிறது, நம் கெடுகிறது. எந்த நம்முக்காக இவ்வளவு பாடுபடுகிறேனோ அதே நம்.

செல்போன் செயலி வேண்டாம். எண்ணப் போய் வாட்ஸ்அப்பில் முடியும்.

கடைசியில் பாட்டியின் பல்லாங்குழி. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த ஆவர்த்தனம் முழுக்கக் கையை எடுத்துவிட்டு, மெட்ரோனோம் தட்டிக்கொண்டிருக்க, ஒரு சோழியை நகர்த்துவது. எட்டு தட்டு என்பது சோழி நகர்த்தத் தாராளமான நேரம். குழிகளும் 14. ஒரு சுற்றில் வரும் நம்மும் 14. இதில் எதுவும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

அண்ணன் எட்டிப் பார்த்து, "எக்செல்ல போட்டுத் தரவா?" என்றான்.

22 நவம்பர்

நேற்றைப் போலவே.

24 நவம்பர், ஞாயிறு

நம். மோதிர விரல் கரணையின் (நடுவிலுள்ள கருவட்டம்) ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், ஆள்காட்டி விரல் மீட்டில் (ஓரத் தோல் வளையம்) விழுந்து உடனே கிளம்ப வேண்டும். சொல்வது இரண்டு வரி. அழுத்தினால் கட்டை, விட்டால் ஓட்டை. சார் வாசித்தால் அந்த நம் சுருதிப் பெட்டியோடு சேர்ந்து நிற்கும், பிறகு தானாக அடங்கும். என்னுடையது வந்ததும் போய்விடுகிறது.

தனி ஆவர்த்தனத்தில் (மிருதங்கம் மட்டும் வாசிக்கும் இடம்) கடைசியாக வரும் மோகராவும் கோர்வையும் வாசித்துக்கொண்டிருந்தவளை முதல் பாடத்துக்கு இறக்கிவிட்டார். அன்றைக்குக் கோபம் இருந்தது. இப்போது கோபிக்க ஆள் இல்லாததால் அதுவும் இல்லை.

எண்ணும்போது கேட்பதில்லை. கேட்கும்போது எண்ணுவதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிகிறவர்கள் இருக்கிறார்களா?

26 நவம்பர், செவ்வாய்

தோழி போன் செய்தாள். டிசம்பர் 22, மதியம் பன்னிரண்டு மணி ஸ்லாட், மிருதங்கத்துக்கு வரவேண்டியவர் வேறு கச்சேரி ஒப்புக்கொண்டுவிட்டாராம். "ஏண்டி, ஒரு மணி நேரம்தான். ஆதியில ஒரு சின்னத் தனி. உனக்கென்ன?"

சார் சொல்லாமல் மேடை ஏறுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள். கேட்டதில் தப்பில்லை. மதியக் கச்சேரியில் வயலின்காரர், தம்பூராக்காரர், அவர்கள் வீட்டுக்காரர்கள், கேன்டீனுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட நாலு மாமாக்கள். அதற்கே கை நடுங்கும்.

பத்து நாள் டைம் கேட்டிருக்கிறேன்.

27 நவம்பர்

108. நோட்டில் எழுதியாயிற்று.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து விடாத மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் நேற்றே கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தெருவில் தண்ணீர் முதல் படியைத் தொட்டிருக்கிறது.

ஈரத்தில் வலந்தலை (நம் வாசிக்கும் வலது பக்கத் தோல்) தொய்ந்து சுருதி இறங்கிவிட்டது. கல்லும் கட்டையும் வைத்துத் தட்டி ஏற்றினால் அரை மணி நேரம் நிற்கிறது, மறுபடி இறங்குகிறது. இறங்கின தோலில் வரும் நம்மை எண்ணலாமா?

பத்தரைக்கு மின்சாரம் போனது. மெட்ரோனோம் செல்போனில் இருப்பதால் பேட்டரியை நினைத்து நிறுத்திவிட்டேன். கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டார், தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்று. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஸ்ரீராமஜெயம் எழுதும் கட்டம் போட்ட நோட்டுகள். நகை, பாஸ்புக் எல்லாம் கீழேயே. லட்சத்துக்கு எழுதுகிறார். முடிந்ததும் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு. 32 அடி உயரம் நிற்கிறவருக்கு அத்தனையாவது எழுத வேண்டாமா என்கிறார்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் எழுத, நான் மடியில் தலையணை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். தலையணையில் நம் கிடையாது. விரலுக்கு மட்டும் வேலை.

"நீயும் லட்சமா?" என்றார்.

"எவ்வளவுன்னு சொல்லலை பாட்டி."

"அப்போ கஷ்டம்தான்."

எண்ணிக்கை தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கட்டம் இருக்கே. கட்டத்தை எண்ணிக்குவேன்." எவ்வளவு நிம்மதியான ஏற்பாடு. நான் வாசித்தது எங்கே போய்க் கிடக்கும், திரும்பிப் பார்த்து எண்ண?

1 டிசம்பர்

புயல் இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. மாமி போனை எடுக்கவில்லை. மழைதான் காரணம். மழைதான்.

2 டிசம்பர்

எடுத்தார். சார்ஜ் இல்லையாம்.

4 டிசம்பர், புதன்

ஆஸ்பத்திரிக்குப் பறக்கும் ரயிலில் போனேன். வேளச்சேரி, பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம், கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி, திருமயிலை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு விரல் மடக்கினால் பத்து விரலும் தீர்ந்து இறங்கும் இடம் வந்துவிடுகிறது. அங்கிருந்து ஆட்டோ.

உள்ளே விடவில்லை. ஒரு நேரத்துக்கு ஒருவர்தான், அது மாமி. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 1,512 என்றால் லட்சம் நம்முக்கு 66 நாள், அப்போதும் 208 குறையும். ஆக 67. பாட்டியின் லட்சம் தலைக்குள் ஏறிவிட்டது. சார் சொன்னது லட்சம் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு எண் வேண்டியிருக்கிறது. தை பிறந்து ஒரு வாரம் தாண்டி முடியும்.

மாமி வெளியே வந்து முதலில் கேட்டது: "சாப்டியோ?"

இரண்டாவது: "இன்னைக்கு வாசிச்சியோ?"

6 டிசம்பர்

அவள் மறுபடி போன் செய்தாள். எடுக்கவில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

இன்று எண்ணவில்லை. பல்லாங்குழியை மடக்கிப் பீரோ மேல் வைத்துவிட்டேன்.

கோர்வை வாசித்தேன். சத்தமாக, ஜன்னலைச் சாத்தாமல். ஐந்து மாத்திரைச் சொல்லான ததிங்கிணதொம் மூன்று முறை, 15. ஐந்து மாத்திரை காலியாக விட்டு, அதையே ஆறாக்கி மூன்று, 18. மறுபடி ஐந்து காலி. ஏழாக்கி மூன்று, 21. கூட்டினால் 64. தட்டுக்கு நான்கு மாத்திரை என்பதால் ஆதியில் சரியாக இரண்டு ஆவர்த்தனம், சமத்தில் (தாளத்தின் முதல் தட்டு) எடுத்துச் சமத்தில் விழும். எத்தனை முறை வாசித்தாலும் அந்த விழுகை அலுப்பதில்லை. அந்தக் காலி ஐந்தில்தான் ருசி, வாசிக்காமல் எண்ணிக்கொண்டு மட்டும் இருக்கிற இடம்.

இதுவும் எண்ணுவதுதான். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு சமம் இருக்கிறது. சார் கொடுத்ததற்கு இல்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிற எண். அவர் "போதும்" என்றால்தான் அது இறங்கும். அவரோ பேசுகிற நிலையில் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சாயங்காலம் பாட்டி கீழேயிருந்து, "இன்னைக்கு வேற என்னமோ வாசிச்சியே, நன்னாயிருந்தது" என்றார். முதல் பாடத்தை ஒரு நாள்கூட நன்றாயிருந்தது என்று சொன்னதில்லை.

9 டிசம்பர்

பீரோ மேலிருந்து இறக்கியாயிற்று.

11 டிசம்பர், புதன்

பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். அவருக்கு வலந்தலை இடது பக்கம். அதை யோசித்துக்கொண்டே மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு இடது கையால் நம் வாசித்துப் பார்த்தேன். படுமோசம். ஆனால் ஒன்று புரிந்தது. என் இடது கை எதையும் அழுத்தவில்லை, அழுத்தத் தெரியவில்லை. நூறில் ஒன்று நின்றது. வலது கையில் பழகிப் பழகி நான் ஏற்றி வைத்திருக்கும் பலம் அந்தக் கையில் இல்லை.

திருப்பி வைத்து, வலது கையை இடது கை மாதிரி நினைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் காலத்தில் வந்தது. இரண்டாம் காலத்திலும் கொஞ்சம் வந்தது. மூன்றாம் காலத்தில் பழைய கை திரும்பிவிட்டது.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? நோட்டில் 108 என்றுதான் இருக்கிறது.

13 டிசம்பர், வெள்ளி

திருக்கார்த்திகை. ஈரக்காற்றில் அகல் நிற்கவில்லை. அம்மா ஏற்ற ஏற்ற அணைகிறது, பொரி உருண்டை மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது.

சாரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்! மாமி மெசேஜில் கற்பூர தீபமாக அனுப்பியிருக்கிறார், எண்ணினால் இருபதாவது இருக்கும்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி 1. விடியும் முன்பே கோயில் ஸ்பீக்கர்.

தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் போய்விட்டார். நேற்று இரவே செய்தி வந்தது, அப்புறம் இல்லை என்றார்கள், காலையில் குடும்பத்தார் உறுதி செய்துவிட்டார்கள். சான்பிரான்சிஸ்கோவில், நுரையீரல் நோயில். 73 வயது. பிப்ரவரியில்தான் ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கினார். அதில் சக்தி இசைக்குழுவுக்கானதில் நம்மூர் செல்வகணேஷும் உண்டு. செல்வகணேஷின் அப்பா விக்கு விநாயக்ராமும் ஜாகிரும் 1970-களில் சக்தியில் சேர்ந்து வாசித்ததைச் சார் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். கடமும் தபலாவும் கேள்வி பதிலாகப் போகும் இடங்களை வாயாலேயே சொல்லிக் காட்டுவார்.

பிறந்த குழந்தையின் காதில் பிரார்த்தனை சொல்ல வேண்டிய நேரத்தில் அப்பா அல்லா ரக்கா தாளச் சொற்களைச் சொன்னார் என்று ஜாகிரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எண்ணத் தெரியும் முன்னால் காதில் விழுந்தவை. எனக்குப் பதினொரு வயதில்தான் விழுந்தது.

மாமி எல்லோருக்கும் போன் செய்துவிட்டார்: சாரிடம் யாரும் சொல்லக் கூடாது. பேப்பர் நிறுத்தியாயிற்று. வார்டு டிவியையும் ஏதோ சொல்லி அணைக்க வைத்திருக்கிறார்.

17 டிசம்பர், செவ்வாய்

பார்த்தேன். சார் பாதியாகிவிட்டார். தொண்டை கரகரப்பு, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திக்கொள்கிறார்.

நோட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். முதல் நாளிலிருந்து கூட்டிய எண்ணைக் கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டிருந்தேன், கேட்டதும் சொல்ல. 22-ஆம் தேதியை எப்படி ஆரம்பிப்பது என்று ரயிலில் ஒத்திகையும் பார்த்தாயிற்று.

"வெளில என்ன நியூஸ்?"

"மழை சார்."

"அது இங்கேருந்தே தெரியறது." கொஞ்ச நேரம் கழித்து, "மழைல வார் தொய்ஞ்சிருக்குமே. பிடிச்சியா?"

"இல்ல சார். தட்டித் தட்டி ஏத்திக்கிறேன்."

"தட்டிண்டே இருந்தா வலந்தலை போயிடும். கொண்டுபோய்க் குடு." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா என்று பார்த்தால், "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். ஆள்காட்டி விரல் நுனியைத் தடவிப் பார்த்தார், காய்ப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று. ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் வந்துவிட்டார்.

எண்ணைக் கேட்கவில்லை. அவர் கேட்டால்தான் நான் சொல்ல வேண்டும், அதுதானே பேச்சு.

18 டிசம்பர், புதன்

மயிலாப்பூரில் மிருதங்கத்தின் தோல் வாரை இழுத்துப் பிடிக்கக் கொடுத்துவிட்டேன். சீசன் நேரம், கடை முழுக்க மிருதங்கம், உட்கார இடமில்லை. வலந்தலையில் சாதம், அதாவது கரணை, ஓரத்தில் விட்டிருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை தருகிறாராம். 22 ஞாயிறு.

அவளிடமிருந்து ஏழு மிஸ்டு கால். எட்டாவது இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது.