தீர்க்கதரிசனப் பாடத்தில் நான் தவறவிட்ட வசனம்

தபால் வழி வேதாகமப் படிப்பில் தீர்க்கதரிசனப் பாடத்துக்கான முதல் தேர்வை எழுதி முடித்ததும், நன்றாக எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தானியேல் 7-ஆம் அதிகாரத்தை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. கழுகின் செட்டைகளுள்ள சிங்கம், வாயில் மூன்று விலாவெலும்புகளைக் கவ்விய கரடி, நான்கு தலையுள்ள சிவிங்கி, பத்துக் கொம்புள்ள நாலாம் மிருகம் என்று மூன்று பக்கம் நிரப்பியிருந்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி இருந்தது: "மிருகங்கள் எல்லாம் வந்துவிட்டன. மனுஷகுமாரன் எங்கே?"

வேதாகமத்தைத் திறந்து 13-ஆம் வசனத்தைப் பார்த்தேன். மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் வானத்து மேகங்களுடனே வந்து, நீண்ட ஆயுசுள்ளவரிடத்தில், அதாவது தேவனிடத்தில், சேருகிறார். அடுத்த வசனத்தில் அவருக்கு அழியாத ராஜ்யம் கொடுக்கப்படுகிறது. அந்த அதிகாரமே இந்த இடத்துக்கு வரத்தான் நடந்துகொண்டிருக்கிறது. பிரதான ஆசாரியனுக்கு முன்பாக நின்றபோது இயேசு தம்மைப் பற்றிச் சொல்ல எடுத்ததும் இதே வார்த்தைகளைத்தான் (மாற்கு 14:62). அதை விட்டுவிட்டுக் கொம்புகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்ததைவிட அதுதான் என்னை உறுத்தியது.

இந்தப் பாடத்தை இப்போது எடுத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, காலவரைபடங்களை மூடி வைத்துவிடுங்கள் என்பதுதான். நான் வரைபடத்தை மனப்பாடம் செய்த பிறகு வசனத்தை வாசித்தேன். அதனால் வசனத்தில் இருந்ததெல்லாம் படத்தில் இருந்த அளவுக்குத்தான் கண்ணில் பட்டது. தானியேல் மொத்தமே 12 அதிகாரம். குறிப்பு எடுக்காமல் ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். மூன்று முறை அப்படி வாசித்த பிறகு 2, 7, 8 ஆகிய அதிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதிலும் வேதமே விளக்கம் சொல்லும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். 2-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் ஒரு சிலையைக் காண்கிறார். "பொன்னான அந்தத் தலை நீரே" என்று அவரிடமே தானியேல் சொல்லிவிடுகிறார். தரிசனத்தில் வரும் ஆட்டுக்கடா மேதியா, பெர்சியா என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்கு என்றும் 8-ஆம் அதிகாரம் பெயர் சொல்லியே எழுதுகிறது. பெரிய கொம்பு முறிந்து நான்கு கொம்புகள் முளைப்பதை வாசிக்கும்போது, கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்த பிறகு அவருடைய தளபதிகள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்டது நினைவுக்கு வரும். 7-ஆம் அதிகாரத்தின் நாலாம் மிருகம் குறிக்கும் நாலாம் ராஜ்யம் எது என்று மட்டும் பெயர் இல்லை. ரோமாபுரி என்பது சபையில் நெடுங்காலமாக இருந்துவரும் விளக்கம். கிரேக்கு ராஜ்யம்தான் என்றும், கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய ராஜாவான நான்காம் அந்தியோக்கஸ்தான் அந்த மிருகத்தில் முளைக்கும் சின்னக் கொம்பு என்றும் சொல்பவர்களும் உண்டு. தேர்வில் இரண்டையும் அதனதன் காரணத்தோடு எழுதிவிட்டு, நீங்கள் எதை ஏற்கிறீர்கள் என்று கடைசியில் சொல்லுங்கள். நான் ரோமாபுரி என்றே எழுதுவேன். ஆனால் அடுத்த விளக்கத்தைக் குறைத்து எழுத மாட்டேன்.

ஆண்டுகள் நிறைய வேண்டாம். கி.மு. 586-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டது, கி.மு. 539-இல் பாபிலோன் விழுந்தது, கி.பி. 70-இல் இரண்டாம் ஆலயமும் இடிக்கப்பட்டது. இவற்றோடு மேலே சொன்ன இரண்டையும் சேர்த்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும்.

9-ஆம் அதிகாரத்தில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். எழுபது வாரம் என்றதும் எல்லோரும் நேராக 24-ஆம் வசனத்துக்குப் போய்விடுகிறோம். ஒரு நாளை ஒரு வருஷமாக வைத்து, எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளையைக் கி.மு. 457-இல் தொடங்குவதா, 445-இல் தொடங்குவதா என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் போனேன். அப்புறம் ஒரு நாள் முதல் வசனத்திலிருந்து வாசித்தபோதுதான் கவனித்தேன். எரேமியாவின் புத்தகத்தில் எழுபது வருஷம் என்று வாசித்த தானியேல், அதைத் தெரிந்துகொண்டதும் இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து ஜெபிக்கிறார். எழுபது வாரம் பற்றிய பகுதி 4 வசனம். அந்த ஜெபமோ, அதற்கான ஆயத்தத்தோடு சேர்த்து, 17 வசனம். ஜெபம் முழுவதும் "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்றுதான் போகிறது. "அவர்கள்" என்று அவர் தன் ஜனத்தைத் தள்ளி நிறுத்தவே இல்லை.

அந்த ஜெபத்தை வாசித்த கையோடு 24-ஆம் வசனத்துக்கு வாருங்கள். எழுபது வாரம் எதற்காக? பாவங்களைத் தொலைக்கிறதற்கும், அக்கிரமத்தை நிவிர்த்திபண்ணுகிறதற்கும், நித்திய நீதியை வருவிக்கிறதற்கும். நாம் வெறும் காலக்கணக்காகப் பார்க்கும் வசனத்தின் நடுவில் இரட்சிப்புதான் இருக்கிறது. வாரங்களை எந்த ஆண்டிலிருந்து எண்ணினாலும் இதை எழுதாமல் விடையை முடிக்காதீர்கள்.

இரட்சிப்பு பற்றிக் கேள்வி வந்தால் வினைச்சொல்லின் காலத்தைப் பாருங்கள். எபேசியர் 2:8 "இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று முடிந்த காரியமாகச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 1:18 "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்கிறது. ரோமர் 13:11 நாம் விசுவாசிகளானபோது இருந்ததைவிட இரட்சிப்பு இப்போது அதிக சமீபமாயிருக்கிறது என்கிறது. ராஜ்யமும் இப்படித்தான். "உங்களுக்குள் இருக்கிறதே" என்று சொன்ன அதே ஆண்டவர் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார். முதல் தேர்வில் இரட்சிப்பை ஒரு தாளிலும் கர்த்தருடைய இரண்டாம் வருகையை வேறொரு தாளிலும் தனித்தனிப் பாடமாக எழுதியவன் நான். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க எனக்கு உதவியது லூக்கா 4-ஆம் அதிகாரம். நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61-ஐ வாசிக்கிறார். "கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தை" என்ற இடம் வந்ததும் புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். ஏசாயாவில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. "நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும்" என்று தொடர்கிறது. ஒரே வாக்கியத்தின் பாதியில் நிறுத்தியிருக்கிறார். மீதிப் பாதி இன்னும் வரவேண்டியிருக்கிறது, அதுவரைக்கும் அநுக்கிரக வருஷம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். இரண்டு பகுதிகளையும் ஒரு தாளில் எழுதி, அவர் நிறுத்திய இடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும்.

"எப்போது" என்ற கேள்வியும் தேர்வில் வரும். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டு 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி வாசித்திருப்பீர்கள். அவர்களை ஏளனமாக எழுதாதீர்கள். வருகையை அவர்கள் அவ்வளவு வாஞ்சித்தார்கள். "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்ற அப்போஸ்தலர் 1:7-ஐ எழுதி, உடனே 8-ஆம் வசனத்தையும் எழுதுங்கள். சாட்சிகளாயிருங்கள் என்பது அங்கேதான் வருகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒத்தவாக்கிய வேதாகமம் (ஒத்த வசனங்களைக் குறித்துக் காட்டும் வேதாகமம்) கட்டாயம் வேண்டும். 22 அதிகாரத்திலும் "எழுதியிருக்கிறபடி" என்று சொல்லி யோவான் ஒரு இடத்தைக்கூட மேற்கோள் காட்டவில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டின் வார்த்தைகள் வழிநெடுக வருகின்றன. 13:2-ஐ தானியேல் 7-க்குப் பக்கத்தில் வையுங்கள். சிவிங்கி, கரடி, சிங்கம் என்று அதே மிருகங்கள் தலைகீழ் வரிசையில் ஒரே உருவமாக நிற்கும். இன்னொன்று, யோவான் எதைக் கேட்டார், எதைக் கண்டார் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். 7-ஆம் அதிகாரத்தில் அவர் கேட்டது 1,44,000 என்ற எண். கண்டதோ எண்ணக்கூடாத திரளான கூட்டம். 5-ஆம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி.

இரண்டாம் தேர்வில் அந்த 5-ஆம் அதிகாரம்தான் வந்தது. ஏழு முத்திரைகளைப் பற்றி எழுத நிறைய இருந்தது. நான் ஆட்டுக்குட்டியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.