கூரையில் ஈரம், இரு வீட்டுக்கும் சண்டை: மேலாளர் செய்ய வேண்டியது

கீழ்வீட்டுக்காரர் கூரையைக் காட்டுவார். மேல்வீட்டுக்காரர் "எங்க தரை காஞ்சுதானே இருக்கு" என்பார். பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. அதனால் குடியிருப்பு மேலாளர் பஞ்சாயத்தில் இறங்கும் முன் சோதனையில் இறங்க வேண்டும்.

சொட்டு எப்போது விழுகிறது? யாரும் தண்ணீர் புழங்காதபோதும் விழுந்தால், தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகப்படுங்கள். மேல்வீட்டு வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். கான்கிரீட்டில் தேங்கியது வடிய நேரமாகும், அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். குளித்த பிறகு மட்டும் என்றால், கழிவுநீர்க் குழாய் இணைப்போ தரையின் நீர்த்தடுப்புப் பூச்சோ போயிருக்கலாம். குளியலறை வடிகால் வாயை இறுக அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள்; மட்டம் இறங்கிக் கீழே சொட்டினால், பூச்சைச் சந்தேகப்படுங்கள். (வாசல்படி அதைவிட உயரமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.) தண்ணீரில் கொஞ்சம் நிறச்சாயம் கலந்தால் கீழே சொட்டுவது எங்கிருந்து என்று தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் இரு வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டி, தேதியோடு படம் எடுங்கள்.

சத்தம் பற்றிய புகார் என்றால், ஒரு வாரம் நாளும் நேரமும் குறிக்கச் சொல்லுங்கள்; அந்த நேரத்தில் புகார் சொன்னவர் வீட்டிலேயே நின்று கேளுங்கள். பல சமயம் நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் (மெத்தென்ற தடித்த துணி) ஒட்டினாலே போதும்.

எதையும் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு எண்ணோடு போடவே போடாதீர்கள். நாலு பேர் பார்க்கக் குற்றம்சாட்டப்பட்டவர் கதவைத் திறக்கமாட்டார், கதவு திறக்காமல் மேலே சொன்ன எந்தச் சோதனையும் நடக்காது.