வரைபடக் கணிப்பானில் முதலில் கற்க வேண்டியது விண்டோ

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்து எச்2 கணிதம் ('ஏ' நிலைக் கணிதப் பாடம்) எடுக்கும் மாணவர்களுக்கு வரைபடக் கணிப்பான் தவிர்க்க முடியாத கருவி. அது மாணவரிடம் இருக்கும் என்று கொண்டே 'ஏ' நிலைத் தேர்வின் வினாத்தாளும் அமைக்கப்படுகிறது. துணைப்பாடத்துக்கு என்னிடம் வரும் மாணவர்கள் பலர், எந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வரும் என்பதைத்தான் முதலில் அறிய விரும்புகிறார்கள். நானோ, திரையில் தெரிய வேண்டிய எக்ஸ், ஒய் எல்லைகளைக் கொடுக்கும் விண்டோ பொத்தானிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்காதவரை மற்றப் பொத்தான்கள் தரும் விடைகளை நம்பவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது.

1985இல் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி முதல் இன்று பலரும் வைத்திருக்கும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் வரை அடிப்படை வேலை ஒன்றுதான். திரை சிறுபுள்ளிகளால் ஆனது. டிஐ-84 பிளஸின் கறுப்பு வெள்ளைத் திரையில் 96க்கு 64 புள்ளிகள், 2015இல் வந்த சிஇ வகையின் வண்ணத் திரையில் 320க்கு 240. கணிப்பான் இடமிருந்து வலமாக நகர்ந்து, புள்ளிகளின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் உரிய எக்ஸ் மதிப்பைச் சார்பில் இட்டு ஒய் மதிப்பைக் கணக்கிடுகிறது. அந்த ஒய், விண்டோவில் நாம் கொடுத்த எல்லைக்குள் இருந்தால் புள்ளி தெரியும். இல்லாவிட்டால் அங்கு ஒன்றும் தெரியாது. ஆகவே திரை வெறுமையாக இருந்தால், கருவி பழுது என்று எண்ணாமல் எல்லைகளைப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நீங்களே செய்து பாருங்கள். ஒய்= பொத்தானை அழுத்தி, ஒய்1 என்ற வரியில் எக்ஸ் வர்க்கம் கழித்தல் 12 எக்ஸ் கழித்தல் 64 என்று உள்ளிட்டு, ஜூம் பட்டியலில் 6ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அச்சுகளும் -10 முதல் 10 வரை அமையும். திரையில் தெரிவது, -4க்கு அருகே ஏறத்தாழ செங்குத்தாக இறங்கும் ஒரு கோடு மட்டுமே. இருபடிச் சார்பின் வளைவைத் தேடும் மாணவர் இதைக் கண்டு திகைப்பது இயல்பு. அடுத்து ஜூம் 0ஐ அழுத்தினால் கணிப்பான் ஒய் எல்லைகளைத் தானே திருத்திக்கொள்ள, வளைவின் அடிப்பகுதி தெரியத் தொடங்கும். ஆனால் இந்தக் கட்டளை எக்ஸ் எல்லைகளைத் தொடுவதில்லை. எனவே 16இல் உள்ள இரண்டாவது மூலம் (வளைவு எக்ஸ் அச்சை வெட்டும் இடம்) இன்னும் திரைக்கு வெளியேதான் இருக்கும். இங்கேயே நிறுத்திவிடுபவர் ஒரே மூலத்தை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்.

காகிதத்தில் ஒரு நிமிடம் செலவிட்டால் இது நேராது. 12இன் பாதி 6 என்பதால் வளைவின் அடி 6இல் இருக்கிறது. அங்கு ஒய்யின் மதிப்பு -100. வளைவு 6 வழியே செல்லும் செங்குத்துக் கோட்டின் இருபுறமும் சமச்சீரானது என்பதால் -4க்கு இணையான புள்ளி 16இல் இருந்தாக வேண்டும். இதை அறிந்த பின் எக்ஸ் எல்லைகளை -10, 20 என்றும் ஒய் எல்லைகளை -120, 50 என்றும் நீங்களே கொடுத்தால் முழு வடிவமும் கிடைக்கும். எந்த இடத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்வது மாணவரின் பொறுப்பு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மூலத்தைக் காண, 2என்ட் அழுத்திப் பின் ட்ரேஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் 2ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணிப்பான் இடது எல்லை, வலது எல்லை, உத்தேச மதிப்பு என்று வரிசையாக மூன்றைக் கேட்கும். இரண்டு எல்லைகளுக்கும் இடையில் நீங்கள் தேடும் ஒரு மூலம் மட்டும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கழித்தல் குறியிலும் கவனம் வேண்டும். என்டர் பொத்தானை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இருப்பது எதிர்க்குறி. வலப்பக்க வரிசையில் இருப்பது கழித்தல் செயல். இரண்டும் மாறினால் பிழைச்செய்தி வரலாம். எதிர்க்குறி 3 வர்க்கம் என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்தால் விடை -9 என்றே வரும். ஏனெனில் வர்க்கம் முதலில் கணக்கிடப்படுகிறது. அதேபோல, கருவி டிகிரியில் இருக்கும்போது சைன் எக்ஸை ஜூம் 6இல் வரைந்தால் அலை தெரியாது. அச்சோடு ஒட்டிய ஒரு கோடுதான் தெரியும். ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளை வரையும்போது ஜூம் 5ஐ அழுத்துங்கள். திரை அகலமானது என்பதால் ஜூம் 6இல் அந்தச் செங்கோணம் சாய்ந்து தோன்றும்.

தேர்வைப் பொறுத்தவரை, வினாவில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் கணிப்பானிலிருந்து நேரடியாகப் பெற்ற விடை ஏற்றுக்கொள்ளப்படும். செய்முறை கேட்கப்படும் இடத்தில் கணிதக் குறியீடுகளில்தான் எழுத வேண்டும். பொத்தான்களின் பெயர்களை எழுதினால் மதிப்பெண் கிடையாது. தேர்வுக்கு முன் கருவியின் நினைவகத்தை அழிக்கும்போது அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். கோண அளவு ரேடியனுக்கும், விண்டோ மீண்டும் -10 முதல் 10 வரைக்கும் போய்விடும் என்பதால், டிகிரியில் வேலை செய்து பழகியவர்கள் முதல் வினாவைத் தொடுவதற்கு முன் மோட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.